எக்ஸிமாவும் அந்தப் பத்து கேள்வியும்

எனக்கு பத்தாவது படிக்கும்போதிலிருந்தே முழங்கை மடிப்புலயும் கழுத்துலயும் எக்ஸிமா இருக்கு, எங்க ஊர்ல கரப்பான்னு சொல்வாங்க. அரிப்பக் கூட எப்படியோ தாங்கிக்கிட்டேன், மத்தவங்க கண்ணு நேரா அங்க போறதத்தான் தாங்க முடியல.

போன வருஷம் மாமா பொண்ணு நிச்சயதார்த்தத்துல வெத்தல பாக்கு தட்ட எடுத்துட்டு வந்தேன், சித்தி வந்து "நீ உக்காரும்மா, அவ குடுக்கட்டும்"னு கையிலேருந்து வாங்கிட்டாங்க. வேற எதுவும் சொல்லல, ஆனா ஒட்டுவாரொட்டின்னு நெனச்சுதான் வாங்குனாங்கன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். இது யாருக்கும் ஒட்டாதுங்க! தோலோட தடுப்பு பலவீனமா இருந்து, கூடவே உடம்போட எதிர்ப்பு சக்தியும் தாறுமாறா கிளம்பறதால வர்றது.

அதுக்கப்புறம் விசேஷம்னாலே தலவலி, லீவு கிடைக்கலன்னு ஏதாவது சொல்லி போறதில்ல. மே மாசத்துலயும் முழுக்கை சுடிதார், வேர்த்தா இன்னும் அரிக்கும், ராத்திரி தூக்கத்துலயே சொறிஞ்சு காலைல தலகாணி உறையில ரத்தப் பொட்டு. கத்திரிக்கா, கருவாடு எல்லாம் விட்டுப் பாத்தாச்சு. மெடிக்கல் ஷாப்ல குடுத்த க்ரீம போட்டா நாலே நாள்ல அடங்கும், நிறுத்துனா முன்னவிட மோசமா வரும், இப்படியே ரெண்டு வருஷம் ஓடிருச்சு. அதுல ஸ்டீராய்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது, கழுத்துல தோல் மெலிஞ்சப்பதான் பயந்து ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன்.

அவங்க ஒரு பேப்பர் எடுத்து பத்து கேள்வி கேட்டாங்க. டிஎல்க்யூஐன்னு பேரு, தோல் வியாதி நம்ம அன்றாட வாழ்க்கைய எவ்ளோ பாதிக்குதுன்னு அளக்கறது, 1994ல பிரிட்டன்ல இருக்கற கார்டிஃப்ல உருவாக்குனது, போன ஒரு வாரத்தப் பத்தி மட்டும் கேப்பாங்க, ஒவ்வொன்னுக்கும் 0லேருந்து 3 வரைக்கும் மார்க், மார்க் கூடுனா பாதிப்பும் அதிகம்னு அர்த்தம். மொதக் கேள்வி அரிப்பு, ரெண்டாவது கூச்சம், அப்புறம் என்ன டிரஸ் போடறீங்க, வெளிய போறீங்களா, வீட்டுக்காரரோட சங்கடம் இருக்கான்னு வரைக்கும். அதுவரைக்கும் இதெல்லாம் வியாதில சேத்தின்னே நான் நெனச்சதில்ல, அங்கயே அழுதுட்டேன். 30க்கு 19.

ஸ்டீராய்டு வேணாம்னு நான் அடம்பிடிச்சப்ப, எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தன நாள்னு தெரிஞ்சு போட்டா பயப்பட வேணாம்னு பொறுமையா சொன்னாங்க. க்ரீம ஆள்காட்டி விரல் நுனியிலேருந்து மொத மடிப்பு வரைக்கும் நீளமா பிதுக்குனா ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு போதும். குளிச்சு ஈரம் காயறதுக்குள்ள மாய்ஸ்சரைசர், தினமும், நல்லா இருக்கற நாள்லயும். அடங்குனப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் டாக்ரோலிமஸ்ங்கற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு, மொதல்ல எரியும், பழகிரும்.

இப்ப ஏழு மாசமாச்சு, ராத்திரி தூங்கறேன். போன வாரம் மறுபடி அந்தப் பேப்பர்ல போட்டோம், 5 வந்துச்சு. அந்த ரெண்டாவது கேள்விக்கு மட்டும் இன்னும் 2தான் போட்டேன்.