மரத்தடியில் இல்லாத பனி

"உறைபனி வானத்திலிருந்து விழுவதில்லை, தரையில் படிகிறது." ஐந்தாம் வகுப்புக்காக நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது. காற்றிலுள்ள நீராவி, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துபோன புல்லைத் தொட்டதும் பனிப்படிகமாக மாறிவிடுகிறது என்று விளக்கமும் சொன்னேன். அந்த விளக்கத்தில் பிழை எதுவும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "விழலன்னா மரத்தடியில மட்டும் ஏன் டீச்சர் இல்ல?" என்று கேட்டான். அவர்கள் கேரட் தோட்டத்து ஓரத்தில் ஒரு மரம் நிற்கிறது. அதன் கிளைகள் எதுவரை பரவியிருக்கின்றனவோ அதுவரை புல் பச்சையாக இருக்கும், அதைத் தாண்டினால் எல்லாம் வெள்ளை. பாட்டி சாக்கு போட்டு மூடிய நாற்றுகளும் கருகுவதில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "மழை மாதிரிதான் டீச்சர், மேல மறைச்சா கீழ விழாது" என்று முடித்தான்.

"மரத்தடி கொஞ்சம் சூடா இருக்கும், அதான்" என்றேன்.

"ஏன் டீச்சர் சூடா இருக்கும்?"

"அதெல்லாம் பெரிய வகுப்புல படிப்ப. இப்ப போர்டுல இருக்கறத எழுது."

அவன் உட்கார்ந்து எழுதினான்.

ஈராசிரியர் பள்ளி அது. ஒரே அறையில் நான்காம் வகுப்பு என் கணக்குக்காகக் காத்திருந்தது. மறுவாரம் இரண்டாம் பருவத் தேர்வு. அந்த நிலையில் எந்த ஆசிரியரும் அப்படித்தான் செய்திருப்பார் என்று பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேலும், நான் சொன்ன பதில் சரியானது. மரத்தடி உண்மையிலேயே சற்று வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது சரி என்பதே அன்று எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஏன் என்று கேட்டபோது, எனக்குத் தெரியாததைப் பெரிய வகுப்பின் மேல் போட்டேன்.

தேர்வில் "உறைபனி எவ்வாறு உண்டாகிறது?" என்ற கேள்வியை நானே வைத்திருந்தேன். அவன் என் வாக்கியத்தை எழுத்து மாறாமல் எழுதியிருந்தான். மரத்தைப் பற்றியோ பாட்டியின் சாக்கைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. முழு மதிப்பெண் போட்டேன். அவன் கேள்வி கேட்ட நேரத்தைவிட, அந்த விடைத்தாளில் சிவப்பு மையால் சரி போட்ட நேரம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கண்ணால் கண்டதை என் பேச்சுக்காக அவன் கைவிட்டான், அதற்கு நான் மதிப்பெண் கொடுத்தேன்.

காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். இரவில் புல் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி உமிழ்கிறது. தெளிந்த வானம் அதில் மிகக் குறைவாகவே திருப்பித் தருகிறது. அதனால் புல்லின் நுனி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. மரக்கிளைகளோ சாக்கோ மேலே இருந்தால், அவை தம் வெப்பத்தைக் கீழே உமிழ்ந்து அந்த இழப்பை ஈடுகட்டுகின்றன. ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளை மிலார் என்ற புதர்ச்செடியின் கிளைகளைப் போட்டு மூடுவதும், ஊட்டிக்கு அருகிலுள்ள தலைகுந்தா பக்கத்துத் தோட்டக்காரர்கள் சாக்கைத் தேடுவதும் இதற்காகத்தான்.

பனித்துளி விழுகிறதா, தரையிலிருந்து எழுகிறதா என்று ஐரோப்பியர்கள் நீண்ட காலம் வாதிட்டிருக்கிறார்கள். வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர் 1814இல் வெளியிட்ட ஆய்வுதான் இதைத் தெளிவாக்கியது. நான்கு குச்சிகளில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, அதன் கீழுள்ள புல் வெளியிலுள்ள புல்லைவிட வெப்பமாக இருப்பதை அவர் அளந்து பார்த்தார். தோட்டக்காரர்கள் மெல்லிய பாயால் செடிகளை மூடுவதைக் கண்டு, அரைகுறை அறிவின் செருக்கில் தாம் முன்பு சிரித்ததுண்டு என்றும் எழுதியிருக்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது என்னால் மேலே படிக்க முடியவில்லை.

அன்று அவனிடம் நான் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது மெல்லத்தான் பிடிபட்டது. மழை மேகத்திலிருந்து வருகிறது. உறைபனியோ மேகமில்லாத இரவில்தான் வருகிறது. மழையைப் போலவே பனியும் விழுவதானால், மேகம் மூடிய இரவில் ஏன் இல்லை? மலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த செய்திதான் இது. அந்த ஒரு கேள்வி போதும், அவன் தானாகவே தன் கருத்தைச் சோதித்துப் பார்த்திருப்பான் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை எனக்கு ஓர் ஆறுதலாகவும் இருந்தது.

சென்ற டிசம்பரில் இப்போதைய ஐந்தாம் வகுப்பைக் கொண்டு பள்ளி மைதானத்தில் நான்கு குச்சிகளில் கைக்குட்டை கட்டினோம். ஒன்பது மணிக்கெல்லாம் பனி கரைந்துவிடும் என்பதால், அருகில் வீடுள்ள பிள்ளைகளை மட்டும் விடியற்காலையில் பெற்றோருடன் வரச் சொல்லியிருந்தேன். மைதானம் முழுவதும் உப்பைத் தூவியதுபோல் இருந்தது. கைக்குட்டை அட்டைபோல் விறைத்து, மேற்புறம் வெளுத்திருந்தது. அதற்கு நேர் கீழே மட்டும் பச்சை.

"கைக்குட்டை மேல விழுந்துடுச்சு டீச்சர், அதான் கீழ இல்ல" என்றாள் ஒரு சிறுமி.

இத்தனை ஆண்டுகளாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "சரி, மேகம் மூடின ராத்திரியில ஏன் பனி விழறதில்ல?"

அவள் கொஞ்ச நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "மேகமும் கைக்குட்டை மாதிரிதானே டீச்சர். அதுக்கு மேல விழுந்துடும்."

மேகம் ஒரு போர்வை என்பது உண்மை. பனி விழுகிறது என்பது தவறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. விழுகிற பனி கம்பியின் அடிப்பக்கத்தில் ஒட்டுமா, போய்ப் பாருங்கள் என்று வேலிப் பக்கம் கை காட்டினேன். பிள்ளைகள் ஓடினார்கள். அதற்குள் தைல மரங்களுக்கு மேலே வெயில் வந்துவிட்டது. அவர்கள் குனிந்து பார்த்தபோது கம்பியில் நீர்த்துளிகள்தான் தொங்கிக்கொண்டிருந்தன.