பக்கவாத மறுவாழ்வு மீளாய்வுகளைத் தரம் பார்த்த அனுபவம்

பக்கவாதம் வந்தவர்களின் கைக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. எந்தப் பயிற்சி பலன் தரும் என்று தேடினால், ஒரே கேள்விக்கு முறைசார் மீளாய்வுகள் (அந்தக் கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுத்து எடை போடும் கட்டுரைகள்) குவிந்து கிடக்கின்றன. ஒன்று பலன் உண்டு என்கிறது, அடுத்தது உறுதியில்லை என்கிறது. எதை நம்புவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் உடன் வேலை செய்யும் ஒரு தோழியும் அவற்றை ஒவ்வொன்றாகத் தரம் பார்க்க உட்கார்ந்தோம்.

மீளாய்வுகளைத் தரம் பார்க்க 2017இல் வெளியான ஆம்ஸ்டார் 2 என்ற கேள்விப் பட்டியலைக் கருவியாக எடுத்துக்கொண்டோம். அதில் 16 கேள்விகள், 7 முக்கியமானவை. முக்கியக் கேள்வி ஒன்றில் தவறினாலே மீளாய்வின் மீதான நம்பகம் 'குறைவு' ஆகிவிடும். ஒன்றுக்கு மேல் தவறினால் 'மிக மிகக் குறைவு'. மதிப்பெண்களைக் கூட்டிப் போடாதீர்கள் என்று கருவியை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. தேடலே அரைகுறை என்றால் மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்து என்ன பயன்?

இருவரும் தனித்தனியாக மதிப்பிட்டு அப்புறம் ஒப்பிட்டோம். பல கட்டுரைகள் இரண்டு இடங்களில் விழுந்தன. முதலாவது, முன்கூட்டியே எழுதிய திட்டம். மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் புரோஸ்பெரோ என்ற இணையப் பதிவேடு 2011 முதலே இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்திருந்தால் அங்கே போய்ப் பார்த்துவிடலாம். அதைக் கட்டாயம் செய்யுங்கள். முதன்மை அளவீடாகப் பதிவில் ஒன்று, கட்டுரையில் வேறொன்று என்று இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, எண்ணை மட்டும் பார்த்து 'ஆம்' போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, முழுக்கப் படித்துவிட்டு ஒதுக்கிய ஆய்வுகளின் பட்டியல். காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிடும் மீளாய்வுகளில் அது காரணத்தோடு இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும்தான். எதை ஏன் ஒதுக்கினார்கள் என்று தெரியாமல் முடிவை எடை போட முடியாது.

சாய்வு (ஆய்வு நடந்த விதத்தால் முடிவு ஒரு பக்கமாகச் சாய்வது) பற்றிய கேள்விகளில்தான் எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம். உடற்பயிற்சி சோதனையில் சிகிச்சை தருபவருக்கும் பெறுபவருக்கும் யாருக்கு எது என்பதை மறைப்பது அநேகமாக நடக்காத காரியம். அதனால் இயன்முறை சிகிச்சைச் சோதனைகளைத் தரம் பார்க்கும் பெட்ரோ அளவுகோலின் 10 புள்ளிகளில் 2 பெரும்பாலும் எட்டாதவை. அது ஆய்வாளரின் குற்றம் இல்லை. ஆனால் அளவிடுபவருக்கு மறைக்க முடியும். அதைச் செய்யாத சோதனைகளைச் செய்தவற்றோடு கலந்துவிட்டு, முடிவுரையில் ஒரு வார்த்தையும் சொல்லாத மீளாய்வைச் சும்மா விடக் கூடாது என்று தோழி உறுதியாக நின்றாள். சரி என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இத்தனைக்கும் பிறகு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது வேறொன்று. நல்ல கையைக் கட்டுப்படுத்திப் பாதித்த கையைப் பயன்படுத்த வைக்கும் சிஐஎம்டி பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் வெளியான எக்ஸைட் சோதனையில் 222 பேர். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் கையுறை, நாளுக்கு 6 மணி நேரம் வரை பயிற்சி. அந்தப் பெயரிலேயே, பயிற்சி நேரத்தைக் குறைத்துப் பல வாரங்களுக்குப் பரப்பிய மாற்று வடிவங்களும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே கூட்டலில் சேர்த்து ஒரு சராசரி சொன்னால், அது எந்தப் பயிற்சியின் பலன்? அளவீடுகளிலும் இதே கதை. ஃபூகல் மேயர் என்ற மதிப்பீட்டின் கைப்பகுதி 66 புள்ளி, அசைவு எவ்வளவு திரும்பியது என்று பார்க்கிறது. ஏஆர்ஏடி என்ற கைச்செயல் மதிப்பீடு 57 புள்ளி, பொருளைப் பிடிக்க, தண்ணீர் ஊற்ற முடிகிறதா என்று பார்க்கிறது. இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிச் சேர்த்தால் கணக்கு வரும். நோயாளி 'என் கையால் என்ன செய்ய முடியும்?' என்று கேட்டால் சொல்ல அதில் பதில் இல்லை.

ஆம்ஸ்டார் 2இல் இதைத் தொடுவது 8ஆம் கேள்வி: சேர்த்த ஆய்வுகளைப் போதுமான அளவு விவரித்தார்களா? அது முக்கியமான 7இல் இல்லை. ஆனால் துறைக்கேற்ப எவை முக்கியம் என்று மதிப்பிடுபவரே மாற்றிக்கொள்ளலாம். அதனால் எங்கள் பட்டியலில் அதையும் முக்கியமாக்கினோம். மறுவாழ்வு ஆய்வுகளைத் தரம் பார்க்கும் எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. மதிப்பிடத் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு மாற்றினால் அது நியாயமில்லை.

இன்னொரு வேலையையும் தவிர்க்காதீர்கள். கிடைவரிசைகளில் சோதனைகள், நெடுவரிசைகளில் மீளாய்வுகள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஐந்து மீளாய்வுகள் ஒரே முடிவைச் சொல்வதாகத் தோன்றும் இடத்தில், திரும்பத் திரும்ப அதே சில சோதனைகளே நிற்பது அப்போதுதான் தெரியும். ஒரே சோதனைகள் மீளாய்வுகளில் எவ்வளவு திரும்ப வருகின்றன என்பதைச் சதவீதமாகச் சொல்லும் ஒரு கணக்கும் உண்டு. 15 சதவீதத்தைத் தாண்டினால் மிக அதிகம் என்று கொள்கிறார்கள்.

அந்த அட்டவணையில் கடைசியாக ஒரு கேள்வியையும் சேர்த்தோம்: நாளைக்கு வரும் நோயாளிக்கு இந்தப் பயிற்சியை அப்படியே கொடுக்கத் தேவையான அளவு, நேரம், படிநிலை எல்லாம் இந்த மீளாய்வில் இருக்கிறதா? 'இல்லை' என்று வந்த இடங்களில் மூலச் சோதனைக் கட்டுரைகளை எடுத்து அந்த விவரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்; அங்கேயும் கிடைக்காதபோது ஆய்வாளர்களுக்கே எழுதிக் கேட்கிறோம்.