காளானைப் பிடுங்கிப் போட்டால் போதுமா?

மரத்தடியில் தட்டுத் தட்டாய்க் காளான் முளைத்திருக்கும். யாராவது அதைக் காலால் எற்றித் தள்ளிவிட்டு, "சனியன் ஒழிஞ்சது" என்பார். ஒழியவில்லை. காளான் என்பது பூஞ்சையின் காய்தான். மாங்காயைப் பறித்தால் மாமரம் செத்துவிடுமா? பூஞ்சையின் உடம்பு மரத்துக்குள்ளே, தலைமுடியைவிட மெல்லிய இழைகளாக ஓடிக் கிடக்கிறது. அடிமரத்தில் கட்டை போன்ற தட்டு வெளியே தெரிகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே பந்தி தொடங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

பந்தியில் என்ன இருக்கிறது? மரத்தின் செல் சுவரில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு செல்லுலோஸ். கூடவே ஹெமிசெல்லுலோஸ். இரண்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது லிக்னின். செல்லுலோஸைக் கம்பி என்றும் லிக்னினைச் சிமெண்டு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூஞ்சை எதைத் தின்கிறது என்பதை, கெட்டுப்போன மரத்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம்.

வெள்ளை அழுகல் பூஞ்சைகள் லாக்கேஸ், பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைக் கொண்டு லிக்னினையே கரைத்துவிடும். மரம் வெளுத்து, பஞ்சு போலாகி, நார் நாராகப் பிரியும். கானோடெர்மா என்ற தட்டுக்காளான் இந்த ரகம். பழுப்பு அழுகல் வேறு மாதிரி வேலை செய்கிறது. செல்லுலோஸை வெட்டும் நொதி, செல் சுவரின் நுண்துளைக்குள் நுழைய முடியாத அளவு பெரிசு. ஆகவே பூஞ்சை முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பையும் வினைபுரிய வைத்து, செல்லுலோஸ் சங்கிலியைத் துண்டு துண்டாக்குகிறது. லிக்னின் மட்டும் மிஞ்சும். மரம் பழுப்பேறி, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாகும். விரலால் நசுக்கினால் பொடி. இதுதான் மோசம். எடையில் 10 விழுக்காடு குறைவதற்குள்ளேயே வலிமையில் பாதிக்கு மேல் போய்விடலாம், பார்வைக்கு மரம் நன்றாகவே இருக்கும். மென்அழுகல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. எப்போதும் ஊறிக் கிடக்கும் மரத்தில் மெதுவாக நடப்பது.

சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியை மரத்தில் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளச் சிம்பாகக் கிளம்பி, சடசடவென்று முறியும். கெட்ட மரம் சத்தமே இல்லாமல் பிஸ்கட் மாதிரி குட்டையாக உடையும். துளையும் மாவுப்பொடியும் இருந்தால் அது பூச்சி. மண் பூசிய பாதை இருந்தால் கரையான். நாம் எல்லாவற்றையும் சேர்த்து "உளுத்துப்போச்சு" என்று சொல்லிவிடுகிறோம், வைத்தியமோ வேறு வேறு.

"சிங்கப்பூர் ஈரக்காற்றில் மரம் கெடாமல் இருக்குமா?" என்பார்கள். இருக்கும். வெறும் காற்றின் ஈரத்தால் வீட்டு மரத்தில் ஈரப்பதம் 15 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கும். அழுகல் தொடங்கச் செல் சுவர் முழுக்க ஊற வேண்டும், அதாவது ஏறத்தாழ 30 விழுக்காடு. 20-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஆக, குற்றவாளி எங்கோ ஒழுகும் தண்ணீர்: சிங்க் அடியில் கசியும் குழாய், ஏர்கான் வடிகுழாய், கழிவறைக் கதவின் அடிமுனை. கதவின் பக்கங்களுக்கெல்லாம் சாயம் பூசுவார்கள். அடியில், உறிஞ்சுகுழாய் அடுக்கியது போல் நாரின் வாய்கள் திறந்திருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது. சரிசெய்யும் வழி: கசிவை முதலில் நிறுத்துங்கள். கெட்டது தெரியும் இடத்துக்கு அப்பாலும் ஒரு சாண் வெட்டியெடுங்கள். நன்றாகக் காய விடுங்கள். புதுத் துண்டைப் பொருத்தி, அடிமுனைக்கு இரண்டு கை சாயம் கொடுத்து, தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஈரமரத்தின் மேல் புட்டி வைத்துப் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும். பிளீச் மேற்பரப்புக் கறையைத்தான் போக்கும், உள்ளிருக்கும் இழையைத் தொடாது.

உயிருள்ள மரத்தில் பயப்பட வேண்டியது வேர் அழுகல். இந்த நோய்களின் வரலாற்றில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, கொல்லும் வெள்ளை வேர் நோயைத் தாவரவியலாளர் ரிட்லி 1904-இல் பதிவு செய்தது இங்கே பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில்தான். பழுப்பு வேர் நோய்ப் பூஞ்சைக்கு, அதே பூமலையில் பணியாற்றிய தாவரவியலாளர் கார்னர் 1932-இல் பெயர் வைத்தார். இப்போது ஃபெல்லினஸ் நாக்சியஸ் என்ற பெயரில் பலரும் அறிந்தது. வேடிக்கை என்னவென்றால், நோயின் பெயரில் பழுப்பு இருந்தாலும் அந்தப் பூஞ்சை மரத்தைத் தின்பது வெள்ளை அழுகல் முறையில். பழுப்பு, வேரின் மேல் படியும் தோலின் நிறம்.

பழுப்பு வேர் நோயின் அடையாளம் இதுதான்: மண்ணும் பொடிக்கல்லும் வேரோடு ஒட்டி, கழுவினாலும் போகாத கரடுமுரடான பொருக்கு, மரத்துக்குள்ளே தேன்கூடு போன்ற பழுப்புக் கோடுகள். வெள்ளை வேர் நோயில் வேரின் மேல் தட்டையான வெள்ளைக் கயிறுகள் அழுத்தமாக ஒட்டியிருக்கும். இரண்டுமே பெரும்பாலும் வேரோடு வேர் உரசித்தான் பக்கத்து மரத்துக்குப் போகும். அதனால்தான் மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை மண்ணில் விடுவது தப்பு. புதைந்த வேர்த்துண்டில் பூஞ்சை பல வருஷம் உயிரோடு இருந்து, புதுக்கன்றின் வேர் தொட்டதும் பற்றிக்கொள்ளும். கட்டையையும் வேரையும் தோண்டியெடுங்கள், அந்தக் குழியில் மறுபடி மரம் வைக்க அவசரப்படாதீர்கள். சாலையோர மரமாக இருந்தால் கை வைக்க வேண்டாம். தேசியப் பூங்காக் கழகத்துக்கோ நகர மன்றத்துக்கோ படத்தோடு சொல்லுங்கள். உச்சி பச்சையாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மரத்தைத் தாங்கும் வேர் இற்றுப்போன பிறகும், மிச்ச வேர் தண்ணீர் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும்.

கிளை கழிக்கும்போது, அடியில் வளையம் போல் புடைத்திருக்கும் பகுதியை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி அடைக்கிறது; அந்தப் புடைப்புதான் சுவர் எழும் இடம். தார் பூசுவதால் அழுகல் நிற்காது.

தொட்டியில் கறிவேப்பிலை வாடுவது பெரும்பாலும் வேறு கதை. அங்கே வேரை அழுகச் செய்யும் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா என்ற நுண்ணுயிர்கள் இரண்டும் பூஞ்சை போலத் தெரிந்தாலும் பூஞ்சை இனமே அல்ல. அவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். வாடுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றினால் நீந்த வழி செய்து கொடுத்ததாகும். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். கொசுவுக்காக எப்படியும் கொட்டத்தானே வேண்டும்.