அண்ணனை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போன கதை

அண்ணன் தவறாமல் வேலைக்குப் போனார், வீட்டுக் கணக்கு பார்த்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு மாறும். உடன் வேலை பார்ப்பவர்கள் தன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள், ஆள் வைத்துப் பின்தொடர்கிறார்கள் என்பார். சிம்மை மாற்றினார், அப்புறம் போனையே மாற்றினார். புதுப் போனிலும் அதே கதை. மனநோய் என்றால் தனக்குத்தானே பேசித் திரிவது என்று நினைப்பவர்களுக்கு இவரைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது.

அண்ணி ஆதாரம் கேட்டுப் பார்த்தார். அதுவா இல்லை? வண்டி எண்கள், அழைப்பு வந்த நேரங்கள் என்று ஒரு நோட்டு நிறைய வைத்திருந்தார் அண்ணன். மறுத்துப் பேசினால், "நீயும் அவங்க ஆளா?" என்பார்.

உனக்கு மனநோய் என்று சொல்லிக் கூப்பிட்டால் வந்திருக்கவே மாட்டார். ஆனால் ராத்திரி தூக்கமில்லை என்று அவரே புலம்பினார். அதைப் பிடித்துக்கொண்டோம். முதலில் பொது மருத்துவர், அவர் எழுதித் தந்து மனநல மருத்துவர். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை மறைக்கவில்லை. ஏற்கெனவே எல்லோரையும் சந்தேகப்படுகிறவரைப் பொய் சொல்லியா கூட்டிப்போவது?

தைராய்டு, ரத்தம், தலை ஸ்கேன் பார்த்தார்கள். குடி, போதை, ஞாபக மறதி பற்றியெல்லாம் கேட்டார்கள். கடைசியில் சொன்ன பெயர் டெல்யூஷனல் டிஸ்ஆர்டர், அதாவது பிறழ்நம்பிக்கைக் கோளாறு. நாங்கள் பயந்தது மனச்சிதைவுக்கு. அதில் குரல்கள் கேட்கலாம், பேச்சும் நடத்தையும் குலையலாம். இதில் நம்பிக்கை மட்டும் இறுகி நிற்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அந்த நம்பிக்கை 1 மாதமாவது நீடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் பொதுவாக 3 மாதமாவது என்கிறது. சிலருக்குத் துணைமேல் சந்தேகம், சிலருக்கு உடம்பில் பூச்சி ஊர்வதாக உறுதி, சிலருக்கு யாரோ பிரபலம் தன்னைக் காதலிப்பதாக. அண்ணனுக்கு வந்ததுபோல, தனக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்பதுதான் அதிகம் காணப்படும் வகையாம்.

மருத்துவர் எங்களுக்குச் சொன்னதுதான் மாத்திரை அளவுக்கு உதவியது. அண்ணன் சொல்வதை ஆமோதிக்கவும் வேண்டாம், பொய் என்று மல்லுக்கட்டவும் வேண்டாம். பயத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார். "பயமா இருந்தா தூக்கம் எப்படி வரும்?" என்று அண்ணி கேட்ட அன்றுதான் அண்ணன் மாத்திரைக்குச் சம்மதித்தார். குறைந்த அளவில் ஆன்டிசைக்கோடிக் மாத்திரை, அதாவது இதுபோன்ற பிறழ்நம்பிக்கைகளைத் தணிக்கும் மருந்து, கூடவே ஆலோசனை சிகிச்சை. அந்த மாத்திரையால் கூடலாம் என்பதால் எடையையும் சர்க்கரையையும் அவ்வப்போது பார்க்கிறார்கள்.

ஒட்டுக்கேட்டது உண்மைதான் என்று இன்றும் சொல்கிறார். "இப்போ விட்டுட்டாங்க போல" என்பது மட்டும் புதிது. மாத்திரையை நிறுத்தலாமா என்று போன முறை கேட்டார். தானாக நிறுத்த வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்றிருக்கிறார் மருத்துவர்.