சாஞ்சோவின் கால்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

வாசகர் வட்டத்துத் தம்பி போன் செய்தான். அடுத்த கூட்டம் செர்வாண்டிஸ் எழுதிய ஸ்பானிஷ் நாவல் 'டான் குயிக்ஸாட்' பற்றியாம், அழைப்பிதழுக்கு ஒரு படம் வேண்டுமாம். "ஒல்லியா ஒருத்தர், குண்டா ஒருத்தர், பின்னாடி காற்றாலை. உங்களுக்கு அரை மணி நேர வேலைண்ணே."

அரை மணி கூட ஆகாது. கண்ணை மூடிக்கொண்டால் கூடக் கை போட்டுவிடும். அதுதான் உறுத்துகிறது. இந்தப் புத்தகத்தை நான் முழுசாகப் படித்ததே இல்லை. அப்படியிருக்க இந்த இரண்டு பேரையும் எனக்கு எப்படித் தெரியும்? படித்துவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவது என்று முடிவு செய்தேன். தன்னை வீரனென்று நினைத்துக்கொண்டு குதிரையேறும் ஒல்லி ஆள்தான் குயிக்ஸாட், குண்டு ஆள் அவருடைய உதவியாள் சாஞ்சோ. ஸ்பெயின்காரர்கள் வாயில் குயிக்ஸாட் 'கிஹோத்தே'. நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 5, புதன்

முதல் பாகம், எட்டாவது அத்தியாயம். உலகமே கொண்டாடும் காற்றாலைச் சண்டை இவ்வளவுதானா! இரண்டு பக்கம்கூட இல்லை. முப்பது நாற்பது காற்றாலைகள் தெரிகின்றன, அரக்கர்கள் என்று நினைத்து கிஹோத்தே பாய்கிறார், ஈட்டி ஒடிகிறது, குதிரையும் ஆளும் தரையில் உருளுகிறார்கள். அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார் செர்வாண்டிஸ்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதற்கப்புறம் வருவது. பாஸ்க் நாட்டுக்காரன் ஒருவனோடு வாள் சண்டை. இரண்டு வாளும் ஓங்கியபடி நிற்கும்போது கதை அறுந்துபோகிறது. 'இதற்கு மேல் எனக்குக் கிடைக்கவில்லை' என்று கையை விரித்துவிடுகிறார். ஒன்பதாவது அத்தியாயத்தில் தொலேதோ கடைவீதியில் ஒரு பையன் பழைய தாள்களை விற்க வருகிறான். அரபியில் எழுதியிருக்கிறது. மிச்சக் கதை அதில் இருக்கிறது! அரை ரியால் கொடுத்து வாங்கி, அரபி தெரிந்த ஒருவரைப் பிடித்து, உலர்ந்த திராட்சையும் கோதுமையும் கூலியாகக் கொடுத்து மொழிபெயர்க்க வைக்கிறார். அந்தக் கையெழுத்துப் பிரதியில் ஒரு படம் இருக்கிறதாம். வாள் ஓங்கிய இருவர், எலும்பும் தோலுமான குதிரை ரொசினாந்தே, பக்கத்தில் கழுதையின் கயிற்றைப் பிடித்தபடி சாஞ்சோ. ஒவ்வொருவர் காலடியிலும் பெயர். சாஞ்சோவுக்குப் பெரிய வயிறு, குள்ள உடம்பு, *நீளமான கால்கள்*. அதனால்தான் அவனுக்கு பான்சா என்றும் சாங்காஸ் என்றும் இரண்டு பட்டப்பெயர். பான்சா என்றால் தொந்தி, சாங்காஸ் என்றால் நெட்டைக்கால்.

மூன்று தடவை படித்தேன். நீளமான கால்களா?

ஜூன் 6, வியாழன்

ராத்திரி ஒன்றரை மணி. ஸ்பெயின் தேசிய நூலகம் பழைய பதிப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் திறந்து சாஞ்சோவின் காலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மனைவி எழுந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டாள்.

1605இல் மாட்ரிட்டில் வந்த முதல் பதிப்பில் கதைப் படமே கிடையாது. அதே வருஷம் லிஸ்பனில் வந்த பதிப்பின் முகப்பில் ஒரு குதிரைவீரன் இருக்கிறான், ஆனால் அது அச்சகத்தில் கிடந்த ஏதோ பழைய மரக்கட்டை அச்சு. கிஹோத்தேயை யோசித்து வரைந்ததில்லை. வரிசையாகக் கதைக் காட்சிகளோடு பேர்வாங்கியது 1657இல் டச்சு ஊரான டோர்ட்ரெக்டில் வந்த மொழிபெயர்ப்புதான். யாகோப் சாவரி செய்த செப்புத்தகட்டுப் படங்கள், அடிதடி, உருளல், புரளல். ஸ்பெயினில் அச்சான முதல் படப் பதிப்பு 1674இல்தான், தியேகோ தே ஓப்ரேகோன் வரைந்தது. சொந்த ஊர்க்காரர்களே கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சாஞ்சோவின் கால்? நான் பார்த்தவரை எல்லாவற்றிலும் குட்டைதான்.

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானம் பூரா 18ஆம் நூற்றாண்டு. ஷார்ல் அந்துவான் குவாப்பெல், பிரெஞ்சுக்காரர், இருபது வயசுவாக்கில் ஆரம்பித்து 28 ஓவியங்கள் தீட்டினார். கோபெலின் நெசவுக்கூடத்தில் அவற்றைப் பார்த்துத் திரைச்சீலையாக நெய்தார்கள். கிஹோத்தே அங்கே அரண்மனைச் சுவருக்கு அலங்காரம். நடுவில் சின்னதாகக் கதைக் காட்சி, சுற்றிலும் பூமாலை, மயில், சரிகை மாதிரி வேலைப்பாடு. கதாநாயகரைவிட மயிலுக்குத்தான் இடம் அதிகம்.

எனக்குப் பிடித்தது 1738 லண்டன் பதிப்பு. கார்ட்டரெட் பிரபு முன்னின்று, டான்சன் அச்சிட்ட நாலு தொகுதி. லண்டனில் வந்தாலும் ஸ்பானிஷில். படங்கள் ஜான் வாண்டர்பேங்க், 68 தகடுகள். பேர்பெற்ற ஆங்கில ஓவியர் ஹோகார்த்தும் வரைந்து கொடுத்தார், அவருடையது சேர்க்கப்படவில்லை. (பெரிய கை வரைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.) ஜான் ஓல்ட்ஃபீல்ட் என்ற மருத்துவர் படங்களைப் பற்றியே ஒரு முன்னுரை எழுதியிருக்கிறார். காற்றாலையையும் ஆட்டு மந்தைச் சண்டையையும் வரையக் கூடாது என்பது அவர் கட்சி. வார்த்தையில் நம்ப முடிவது கண்ணுக்கு முன்னால் வந்தால் நம்ப முடியாமல் போய்விடுமாம். 68 படத்தில் காற்றாலை இல்லை!

தம்பிக்கு இதை அனுப்பினேன். "அண்ணே, காற்றாலை இல்லாட்டி ஜனங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தது.

ஜூன் 10, திங்கள்

சின்னக் குறிப்பு. அதே லண்டன் பதிப்பில் செர்வாண்டிஸின் உருவப்படம் ஒன்று. வில்லியம் கென்ட் கற்பனையாக வரைந்தது. காரணம், நம்பத்தக்க உருவப்படம் எதுவும் இல்லை. இருப்பது 1613இல் அவரே ஒரு முன்னுரையில் தன்னைப் பற்றி எழுதிவைத்த நாலு வரி: வளைந்த மூக்கு, இருபது வருஷம் முன்னால் பொன்னாக இருந்து இப்போது வெள்ளியாகிவிட்ட தாடி, ஆறே ஆறு பல், அதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல். இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு முகம். ஸ்பெயினின் 10, 20, 50 சென்ட் காசுகளில்கூட அந்த முகம் இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

1780இல் ஸ்பானிஷ் மொழிக்கான ராயல் அகாடமி பொறுப்பில் மாட்ரிட்டில் இபார்ரா அச்சிட்ட பதிப்பு. கவசம், உடுப்பு எல்லாம் அந்தக் காலத்தையே ஒட்டி இருக்க வேண்டும் என்று கறாராக நின்றிருக்கிறார்கள். ஸ்பெயின் ஓவியர் கோயா ஒரு படம் கொடுத்தார், அதுவும் உள்ளே வரவில்லை. அச்சு அழகென்றால் அழகு. படங்கள் பள்ளிக்கூட மேடை நாடகம் போல விறைப்பாக இருக்கின்றன.

அங்கிருந்து ஒரே தாவலாக 1863க்குப் போய்விட்டேன். குஸ்தாவ் தோரே, பிரெஞ்சு ஓவியர். நம் தலைக்குள் இருக்கும் கிஹோத்தே இவர் போட்டதுதான். 370க்கும் மேற்பட்ட படங்கள். காற்றாலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செர்வாண்டிஸ் தரையில் உருட்டிவிட்ட குதிரையையும் ஆளையும் இவர் காற்றாலையின் இறக்கையோடு ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டார். ரொசினாந்தேயின் நாலு காலும் அந்தரத்தில். கீழே சாஞ்சோ. வானத்தின் மங்கல் முழுக்க மயிரிழைக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல். அந்தக் கோடுகளை மரக்கட்டையில் செதுக்கியவர் எலியோதோர் பிசான். தோரே வரைந்து கொடுப்பார், பிசான் உளியால் இழை இழையாக எடுப்பார். படத்தின் அடியில் இரண்டு பெயரும் இருக்கின்றன, வெளியே ஒரு பெயர்தான் நின்றது.

தோரேயிலும் சாஞ்சோ குட்டைக்கால்தான். அங்கே என் தேடலை நிறுத்தினேன்.

ஜூன் 15, சனி

இரண்டாம் பாகத்தின் கடைசிப் பகுதி. தோற்று ஊர் திரும்பும் வழியில் ஒரு சத்திரம். சுவரில் கிரேக்கக் கதையின் ஹெலனைத் தூக்கிப்போகும் காட்சி, படுமட்டமான கை. சாஞ்சோ சொல்கிறான்: பாருங்கள், கொஞ்ச நாளில் நம் கதையை வரையாத சத்திரமோ சாராயக்கடையோ சவரக்கடையோ இருக்காது, ஆனால் இவனைவிட நல்ல கையாக இருக்கட்டும். 1615இல் எழுதியது! அதற்கு கிஹோத்தே உபேதா ஊர் ஓவியன் ஒர்பானெஹாவைப் பற்றிச் சொல்கிறார். 'என்ன வரைகிறாய்?' என்று கேட்டால் 'என்ன வருகிறதோ அது' என்பானாம். சேவலை வரைந்தால் நரி என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று அடியில் 'இது சேவல்' என்று எழுதிவைப்பானாம்.

சிரித்த சிரிப்பில் டீ ஆறிவிட்டது.

ஜூன் 19, புதன்

கிஹோத்தேயை வரைந்து முடித்தேன். தலைக்கவசம்தான் வேலை வாங்கியது. அது சவரக்காரரின் பித்தளை வட்டில். விளிம்பில் கழுத்து பொருந்தப் பிறை மாதிரி ஒரு வெட்டு உண்டு. மழைக்குப் பயந்து அந்த ஆள் தொப்பி மேல் கவிழ்த்துக்கொண்டு வர, கிஹோத்தே கண்ணுக்கு அது பழைய வீரக் கதைகளில் வரும் மாம்பிரினோ மன்னனின் தங்கக் கவசம். பாதியைக் காணோமே, யாரோ உருக்கி விற்றுவிட்டார்கள் போல என்று வருத்தம் வேறு. பிறை வெட்டு நெற்றிக்கு மேல் வருகிற மாதிரி வைத்தேன். முகத்தைப் போடவில்லை. பிரெஞ்சு ஓவியர் தோமியே ஏறக்குறைய 1868இல் வரைந்து இப்போது மியூனிக்கில் இருக்கும் ஓவியத்தில் கண், மூக்கு எதுவும் இல்லை, ஆனாலும் ஆளைத் தெரிகிறது. அந்தத் தைரியத்தில் விட்டுவிட்டேன்.

1955இல் பிக்காசோ ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகைக்குப் போட்டுக் கொடுத்த மைப்படத்தைத்தான் தம்பி 'சாம்பிளுக்கு' என்று அனுப்பியிருக்கிறான். பனியனிலும் டீ கப்பிலும் பார்த்துப் பார்த்து அலுத்த படம்தான். இருந்தாலும் ரொசினாந்தேயின் கழுத்தை அந்த மனிதர் போட்ட விதம்! பொறாமையாக இருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

சாஞ்சோ. புத்தகத்தில் உள்ளபடி. பெரிய வயிறு, குள்ள உடம்பு, நீளக் கால். நாலு தாள் கிழித்தாயிற்று. கால் நீண்டதும் ஆள் உயர்ந்து கிஹோத்தேக்குப் போட்டியாக நிற்கிறான். கழுதையில் ஏற்றினால் பாதம் தரையில் இழுபடுகிறது. இத்தனை பேர் ஏன் குட்டையாக்கினார்கள் என்று கைக்குப் புரிகிறது. ஒரு கோடு நிமிர்ந்தால் இன்னொன்று உருண்டையாக இருந்தால்தான் ஜோடி சேரும்.

ஐந்தாவது தாளில் கழுதையை விட்டு இறக்கி, கயிற்றைக் கையில் கொடுத்தேன். அந்தக் கையெழுத்துப் பிரதியில் நின்ற மாதிரியே. இப்போது கொஞ்சம் நின்றான். மனைவி எட்டிப் பார்த்தாள். "கொக்குக் கால்ல குண்டானைக் கவுத்து வெச்ச மாதிரி, யாருங்க இது?"

ஜூன் 22, சனி

படத்தை அனுப்பினேன். காற்றாலையைத் தூரத்தில் புள்ளியாக வைத்திருக்கிறேன், தம்பி மனசு கோணாமல்.

பத்து நிமிஷத்தில் போன். "படம் நல்லாருக்குண்ணே. குதிரை, பெரியவர் எல்லாம் ஓகே. பக்கத்துல கயித்தைப் பிடிச்சுட்டு நிக்கிறது யாரு?"

தாளை எடுத்து, அந்த நெட்டைக்கால்களுக்கு நடுவே சின்ன எழுத்தில் 'இது சாஞ்சோ' என்று எழுதி, மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினேன்.