மாரிக்குள் ஒரு தாடி ஓணான் குஞ்சு: திருகோணமலை நாட்குறிப்பு

ஒக்டோபர் 14

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. இனி மாரி முடியும் வரை காற்று ஈரமாகத்தான் இருக்கும். தாடி ஓணான் எனும் பியர்டட் டிராகன் அவுஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பிராணி. அதன் குஞ்சை இங்கே வளர்க்கிற ஆக்கள் "எங்கட வெயிலுக்கு என்ன குறை" என்று நினைப்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. சூடு இங்கே தாராளம். வீட்டுக்குள் குஞ்சுக்குக் கிடைக்காமல் போவது, விற்றமின் டி உண்டாகத் தேவையான புறஊதா பி ஒளி. கண்ணாடி அந்த ஒளியை மறித்துவிடும். யன்னலோரம் கண்ணாடித் தொட்டியை வைத்தால் சூடு மட்டும் ஏறும். தொட்டிமேல் நேர்வெயில் பட்டால் சில நிமிடங்களிலேயே குஞ்சின் உயிர் போகலாம்.

இன்று புதுப் புறஊதாக் குழாய் விளக்குப் பூட்டியாயிற்று. ரீ-5 எனும் மெல்லிய குழாய் வகை, புறஊதா பி 12 வீதம் என்று குறித்தது, தொட்டி நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. குஞ்சு வெயில் காயும் கல்லுக்கும் குழாய்க்கும் இடையில் வலை இல்லையென்றால் 35 முதல் 40 சென்ரிமீற்றர் இடைவெளி. வலை இருந்தால் 25 முதல் 30. சுருள் வடிவப் பல்ப் ஒரு சின்ன வட்டத்துக்குத்தான் ஒளி தரும், அதை நம்ப வேண்டாம். குழாயின் நுனியில் பூட்டிய திகதியை மார்க்கரால் எழுதி வையுங்கள். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரிந்தாலும் புறஊதா குறைந்துகொண்டே போகும். 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

ஒக்டோபர் 17

வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 40 முதல் 42 பாகை. மறுமுனை 26 முதல் 29. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி காற்றைத்தான் அளக்கும், கல்லை அல்ல. மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும்.

நம்மூரில் சிரமம் குளிர்முனையில்தான். மத்தியானம் அறையே 31 பாகையில் நிற்கும். அதனால் பெரிய பல்ப் வேண்டாம். பெரும்பாலும் 50 வாட்ஸ் ஹலோஜன் போதும், மிச்சத்தைப் பல்ப்பின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். கல்லின்மேல் இருந்து குஞ்சு வாயைப் பிளந்தால் பயமில்லை, மிகுதிச் சூட்டை அப்படித்தான் வெளியேற்றும். குளிர்முனைக்குப் போயும் வாயைப் பிளந்தபடி கிடந்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை என்று அர்த்தம். உடனே ஹலோஜனை அணையுங்கள்.

இரவில் எந்த விளக்கும் வேண்டாம். மாரி இரவுகூட அதற்குக் குளிரல்ல. சூடேறும் செயற்கைக் கல் வயிற்றைச் சுட்டுவிடும்; வாங்கவே வேண்டாம்.

ஒக்டோபர் 23

சாப்பாடு. குஞ்சுப் பருவத்தில் ஐந்தில் நாலு பங்கு பூச்சி, ஒரு பங்கு இலை. பூச்சி குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பெரிய பூச்சியை விழுங்கினால் குடல் அடைபடலாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 15 நிமிடம். மிஞ்சிய பாச்சைகளை (கிரிக்கெற் பூச்சிகளை) எண்ணி எடுத்துவிடுங்கள். இரவில் அவை குஞ்சின் விரலையும் வாலையும் கடிக்கும்.

கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போடும் பழக்கம் ஆபத்தானது. வயலில் அடிக்கும் பூச்சிமருந்து அதன் உடம்பில் இருக்கும், ஒட்டுண்ணியும் வரும். மின்மினி ஒன்றே ஒன்று தின்றாலும் குஞ்சு செத்துவிடக்கூடும். மாலையில் யன்னலுக்கு வலை போடுங்கள். பாச்சையை ஒரு பெட்டியில் வீட்டிலேயே பெருக்கலாம். கொடுப்பதற்கு முதல் நாள் அவற்றுக்கு முருங்கையிலையும் பூசணியும் போட்டால் அந்தச் சத்து குஞ்சுக்கும் போய்ச் சேரும்.

கல்சியம் விடயத்தில் கடற்கரை ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. கணவாய் ஓடு ஏறக்குறைய முழுதும் கல்சியம் காபனேற். மேலிருக்கும் கடின ஓட்டை நீக்கி, வெள்ளைப் பகுதியை நல்ல தண்ணீரில் சில நாட்கள் ஊறவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றி உப்பைப் போக்குங்கள். பிறகு காயவைத்து, மாவாக அரைத்துச் சலியுங்கள். பூச்சியை ஒரு பையில் போட்டு மெல்லக் குலுக்கினால் தூள் மெல்லிய படலமாக ஒட்டும். வாரத்தில் ஐந்து நாள், ஒரு வேளைச் சாப்பாட்டில். பல்விற்றமின் தூள் வாரத்துக்கு ஒரு தடவை. மாரியில் தூள் கட்டிபிடிக்கும், இறுக்கமான போத்தலில் வையுங்கள்.

இலையில் முருங்கையும் செவ்வரத்தம்பூவும் நல்லது. பசளியைத் தவிருங்கள், அதிலுள்ள ஒக்சலேற் கல்சியத்தைக் கட்டிவைத்துவிடும். அவகாடோ நஞ்சு.

நவம்பர் 2

நேற்றிரவு முழுக்க அடைமழை. அறையின் ஈரப்பதன் 90 வீதம் காட்டுகிறது. தொட்டிக்குள் 30 முதல் 40 வீதம் இருக்கவேண்டும் என்பதைப் படித்தவர்கள் இதைக் கண்டு பதறுவார்கள். காற்று சூடாகும்போது ஈரப்பதன் தானாக இறங்கும்: 25 பாகையில் 90 வீதமாக இருக்கும் காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 50 வீதம். அதனால் பகலில் விளக்கு எரிந்து, மேலும் பக்கமும் காற்றோட்டம் இருந்தால் சமாளிக்கலாம். தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்முனைக்கு நகர்த்துங்கள். தரையில் கடதாசியோ ரைல்ஸோ போடுங்கள். நிலாவெளி மணல் வடிவாகத்தான் இருக்கும், ஆனால் அதில் உப்பும் சிப்பித்துண்டும் உண்டு. குஞ்சு பூச்சியோடு அதையும் விழுங்கினால் குடலில் கட்டும்.

கரண்ட் போனால் பூச்சி கொடுக்க வேண்டாம். சூடில்லாமல் செரிக்காது. கடைசிச் சாப்பாடும் விளக்கு அணைய இரண்டு மணித்தியாலம் முன்பாக முடியட்டும்.

நவம்பர் 3

மழைக்கு எறும்பு ஏறிவிட்டது. மேசைக் கால்கள் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். மருந்து அடிக்கக்கூடாது.

நவம்பர் 11

தோல் உரிகிறது. முதுகில் வெள்ளையாக எழும்பி உதிரும் தோலைப் பிய்க்கவேண்டாம், கீழே இருப்பது பச்சைத் தோல். கவனிக்கவேண்டியது விரலும் வால்நுனியும். இன்று பின்காலின் நாலாவது விரலில் நூல் சுற்றியதுபோல ஒரு பழைய வளையம் மிஞ்சியிருந்தது. அப்படியே விட்டால் அது இறுகி, இரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து விழுந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில், குஞ்சின் முழங்கை அளவுக்குமேல் உயராமல், 10 நிமிடம் விட்டு, பஞ்சால் நுனிப்பக்கமாகத் தடவினால் கழன்றுவிடும். பிறகு நன்றாகத் துடைத்து விளக்கடியில் விடுங்கள்.

நவம்பர் 19

எலும்பு நோய் இரகசியமாக வரும். முதல் அறிகுறி சாப்பிடாமை அல்ல. நன்றாகச் சாப்பிடும் குஞ்சின் விரல்களில் வரும் மெல்லிய துடிப்பு. அடுத்துக் கால் நடுக்கம், உடம்பைத் தரையிலிருந்து தூக்காமல் இழுத்து நகர்தல், கீழ்த்தாடை றப்பர் போலாதல், முதுகில் வளைவு. துடிப்பைக் கண்ட அன்றே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். வீட்டில் தூளை இரட்டிப்பாக்கினால் போதாது. புறஊதா இல்லையென்றால் விற்றமின் டி உண்டாகாது, அது இல்லாமல் வயிற்றில் இருக்கும் கல்சியம் இரத்தத்துக்கு ஏறாது.

நவம்பர் 26

இரண்டு குஞ்சை ஒன்றாக விற்கப் பார்ப்பார்கள். மறுத்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடப்பது பாசமல்ல, பெரியது சின்னதன் வெயிலைப் பறிக்கிறது. பிறகு கடிபட்டு விரலும் வாலும் போகும். வாங்கும்போது ஆவணமும் கேளுங்கள்; அனுமதியில்லாமல் வெளிநாட்டு ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம்.

டிசம்பர் 4

இரண்டு நாள் வெளித்தது. கம்பிக்கூட்டில், பாதிக்கு நிழல் போட்டு, காலை ஒன்பது மணிக்கு முன் 15 நிமிட வெயில். மூடி இறுக்கமாக, பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும். காகம் எங்கும் உண்டு. தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள், சல்மொனெல்லா இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தொடவேண்டாம்.

வாரமொருமுறை சமையலறைத் தராசில், ஒரு கிராம் துல்லியத்தில், நிறை பாருங்கள். இரண்டு வாரம் நிறை ஏறாவிட்டாலோ, மலம் தண்ணியாகி நாறினாலோ, கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். அன்றைய மலத்தைச் சின்னப் போத்தலில் மூடி, ஐஸ் பையோடு கொண்டுபோங்கள். ஊரில் ஊர்வன பார்ப்பவர் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு முன்கூட்டியே அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். பயணத்துக்குக் காற்றுத்துளையுள்ள மூடிய பெட்டி, அடியில் துணி. அன்று காலையில் பூச்சி கொடுக்காதீர்கள்.