பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட செலவுக்கு வரிச் சலுகை வாங்கிய கதை

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மனைவிக்கு எச்-4 இ.ஏ.டி. (எச்-4 விசாவில் இருப்பவர் வேலை பார்ப்பதற்கான அனுமதி) கிடைத்து வேலைக்குப் போன பிறகுதான் இந்தச் சலுகைக்கே எங்களுக்கு வழி பிறந்தது. கணவன், மனைவி இருவருக்கும் சம்பாத்தியம் இருக்க வேண்டும்; ஒருவர் முழுநேர மாணவராக இருந்தாலும் சரி. பிள்ளைக்கு 13 வயது நிரம்பியிருக்கக் கூடாது.

2023-ம் ஆண்டுக் கணக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு 6,000 டாலர் வரை செலவு காட்டலாம். எங்கள் வருமானத்துக்கு அதில் 20 சதவீதம், அதாவது 1,200 டாலர் வரியில் கழியும். கோடைக்காலப் பகல் முகாமுக்குக் கட்டியதும் சேரும். இரவு தங்கும் முகாம் சேராது.

முகாம்காரர்கள் ரசீதிலேயே இ.ஐ.என். எண்ணை (நிறுவனங்களுக்கான வரி அடையாள எண்) அச்சிட்டுக் கொடுத்தார்கள். சிக்கல் வந்தது பள்ளி விட்டதும் பிள்ளைகள் போகும் ஆன்ட்டி வீட்டில்தான். இந்தச் சலுகைக்கான படிவமான ஃபார்ம் 2441-ல் பார்த்துக்கொள்பவரின் பெயர், முகவரி, எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) மூன்றும் கேட்கிறார்கள். இந்த விவரங்களைக் கேட்டு வாங்கும் டபிள்யூ-10 படிவத்தை ஆன்ட்டியிடம் நீட்டினேன். "எண்ணெல்லாம் வேண்டாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் தயக்கம் புரிந்தது. அந்தப் பணம் அவர் வருமானமாகக் கணக்கில் ஏறும், அதற்கு வரி கட்ட வேண்டிவரும். என் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டியவரிடம் சண்டை போட மனம் வரவில்லை.

ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) தரும் வழிகாட்டிக் குறிப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது. தெரிந்த விவரங்களை நிரப்பி, எண் கேட்கும் கட்டத்தில் இணைப்பைப் பார்க்கவும் என்று எழுத வேண்டும். கேட்டும் அவர் தரவில்லை என்று ஒரு தாளில் விளக்கி இணைக்க வேண்டும். அப்படியே செய்தேன். எண் கேட்டு அனுப்பிய குறுஞ்செய்தியையும், வங்கி வழியாகப் பணம் அனுப்பிய பதிவுகளையும் பத்திரப்படுத்தினேன். சலுகை முழுதாகக் கிடைத்தது.

அப்புறம் நவம்பரில், மனைவியின் அலுவலகத்தில் டிபெண்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ.வில் (வரி பிடிக்கும் முன்பே பிள்ளைப் பராமரிப்புக்காகச் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் கணக்கு) சேர்ந்தோம். ஒரே செலவை இரண்டிலும் காட்ட முடியாது. அதில் அப்போதைய உச்சவரம்பான 5,000 டாலரைப் போட்டால் சலுகைக்கு மிஞ்சியது 1,000 டாலர்தான். இருந்தாலும் எங்களுக்கு எஃப்.எஸ்.ஏ.தான் லாபம். வருமான வரியோடு சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் மிச்சமாகிறது. (2026 முதல் எஃப்.எஸ்.ஏ. உச்சவரம்பு 7,500, சலுகையின் சதவீதக் கணக்கும் மாறிவிட்டது.) எஃப்.எஸ்.ஏ.வுக்கும் ஃபார்ம் 2441-ல் பார்த்துக்கொள்பவரின் எண் வேண்டும். அதனால் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்தபோது, முதல் மாதப் பணம் கொடுக்கும் முன்பே டபிள்யூ-10 வாங்கிவிட்டோம்.